சுவரில் இருப்பது யார் வீட்டுப் பாட்டி?

காபி 200 ரூபாய்க்கு விற்கிற கடைகளில் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு சுவர் இருக்கிறது. பூச்சை உரித்துச் செங்கல் தெரிய விட்ட சுவர். அதில் பத்துப் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். நாற்காலியில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர், நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிற அம்மாள், காலடியில் சப்பணம் போட்டு இரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று படம் எடுக்கும்போது அசைந்துவிட்டது, முகமே புகை மாதிரி இருக்கிறது. மேசை துடைக்க வருகிற பையனிடம் "இவங்கல்லாம் யாருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியலைங்க, டெக்கரேஷன்" என்பான்.

நேர்மையான பதில். கடையில் அது டெக்கரேஷன்தான், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் மெல்ல வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. புது ஃப்ளாட் வாங்குகிறவர்கள் ஹாலில் ஒரு சுவரை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். ஒரே அளவில் கறுப்புச் சட்டங்கள், உள்ளே வெள்ளை அட்டை, மேலே மஞ்சள் வெளிச்சம் விழுகிற குட்டி விளக்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சாமி காலண்டரும், ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் வெட்டிய இயற்கைக் காட்சியும் தொங்கிய சுவர்களுக்கு இது எவ்வளவோ தேவலை. சொந்தக் குடும்பப் படம் போதவில்லையென்றால்? அதற்கும் கடை இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, தேக்குத் தூண், பித்தளைப் பூட்டு, இவற்றோடு சட்டம் போட்ட பழைய குடும்பப் படங்களும். சட்டத்தின் மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் ஏற்ற விலை. உள்ளே இருக்கிற மனிதருக்குத் தனியாக விலை கிடையாது. அவர் சட்டத்தோடு இலவசம். யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவை வாங்கிக்கொண்டு போய் இன்னொருவர் சோபாவுக்கு மேலே மாட்டுகிறார்.

அந்தத் தாத்தா கடைக்கு எப்படி வந்தார்?

திருடு போய் வந்திருக்கலாம். வீட்டை இடித்தபோது மொத்தமாக எடை போட்டதில் வந்திருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பே ஒன்று நடந்திருக்கும்: அந்த வீட்டில் அவர் யார் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கும். மதுரைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டிக்குள் நாற்பது படங்கள். அப்பத்தாவுக்கு நாற்பதில் உள்ள எல்லோரையும் தெரியும். அவர் பெயர், அவர் கட்டியது யாரை, கொடுத்தது எங்கே, எந்தச் சண்டையில் பேச்சு நின்றது, எல்லாம் தெரியும். அப்பாவுக்கு இருபது தெரியும், மீதியெல்லாம் "ரங்கூன்ல இருந்தவங்க யாரோ". பேரனுக்கு நான்கு. அப்பத்தா போன மறுநாள் அந்தப் பெட்டியில் இருபது பேர் அனாதையாகிறார்கள். யாரும் எதையும் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. படங்கள் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கின்றன. பி.காம். முதலாண்டு அக்கவுண்டன்சி புத்தகத்தில் வருகிற தேய்மானம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். இந்தத் தேய்மானம் ஒரே நாளில் மொத்தமாகக் கழிகிறது. அதற்கான பதிவை எந்தப் பேரேட்டிலும் யாரும் போடுவதில்லை.

ஆகவே, சுவருக்கு எந்த நிறப் பெயின்ட், சட்டம் மேட்டா கிளாஸா என்று யோசிப்பதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை பெயர் கேட்பது. பெயர் தெரியாத சொந்தப் படத்தை மாட்டுவதற்கும் காபிக் கடைச் சுவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, மூக்கு மட்டும் கொஞ்சம் ஜாடையாக இருக்கும் :-)

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படத்தை மாட்டுவது என்றாலே வேறு அர்த்தம். பழைய வீட்டு முன்கூடத்தில், உத்தரத்துக்குக் கீழே, கயிற்றில் கட்டிச் சற்றே முன்னால் சாய்ந்தபடி படங்கள் தொங்கும். கீழே பாயில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறவருக்காக அந்தச் சாய்வு. காந்தி, நேரு, முருகன், அப்புறம் குடும்பம். குடும்பத்தில் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்கள். கண்ணாடிமேல் நெற்றிக்கு நேராகச் சந்தனம் குங்குமம், பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு பல்பு. படம் எடுத்தாலே ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள் ஒரு தலைமுறை முன்புவரை இருந்தார்கள். இப்போது பேத்தி ஆசையாகப் பாட்டியின் பதினெட்டு வயசுப் படத்தைத் தேடி எடுத்து, பெரிசு பண்ணி, ஹாலில் மாட்டினால் பாட்டி என்ன சொல்வார்? "ஏண்டி, என்னை இப்பவே மாட்டிட்டியா?"

சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. அந்தப் பாட்டி ஆயுள் முழுக்கப் பார்த்ததில் சுவருக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால் மாட்டுவதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பல பாட்டிகள் கோபித்துக்கொண்டே, மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டி வந்து காட்டுவார்கள். சிலர் உண்மையிலேயே வேண்டாம் என்பார்கள். அப்போது இறக்கிவிட வேண்டியதுதான், வீட்டின் அழகைவிட அவர் பெரியவர்.

சரி, அந்தப் படங்களுக்குள் என்ன இருக்கிறது? பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஏன் யாருமே சிரிக்கலை?" ஆரம்ப காலக் கேமராவில் வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டும், அதனால்தான் என்று ஒரு பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக்கு அது சரி. ஆனால் தாத்தா படம் 1955இல் எடுத்தது என்றால் கேமரா நொடியின் ஒரு துளியில் வேலையை முடித்திருக்கும். ஆனாலும் தாத்தா சிரிக்கவில்லை. காரணம், அது வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ தடவை நடக்கிற காரியம். பஸ் பிடித்து டவுனுக்குப் போய், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நின்று, "மூச்சை அடக்குங்க" என்று கேட்டு, காசும் கொடுத்து எடுத்துக்கொண்டது. பத்திரப்பதிவு ஆபீஸில் யாராவது பல்லைக் காட்டுவார்களா?

பின்னால் தெரிகிற மாளிகைப் படிக்கட்டு, ஏரி, தென்னை, எல்லாம் துணியில் வரைந்தது. கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம், பல இடங்களில் கைக்கடிகாரமும் அப்படித்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்பதே சந்தேகம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: கம்பெனிகள் மார்ச் 31க்கு முன்னால் கணக்கை அலங்கரித்துக் காட்டுகிற அதே விண்டோ டிரஸ்ஸிங். அதனால் இந்தப் படங்களைப் பார்த்து "நம்ம குடும்பம் அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்திருக்கு பாரு" என்று பெருமூச்சு விடுவதில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைவிட, எப்படித் தெரிய ஆசைப்பட்டார்கள் என்பதற்குத்தான் படம் சாட்சி. அந்த ஆசையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நிறமும் பொய் சொல்லும். பழைய ஃபிலிம்களில் ஒருவகை உண்டு, சிவப்பு வெளிச்சம் அதில் பதியாது. சிவப்பு எல்லாம் கறுப்பாக விழும். அரக்குப் புடவை கறுப்பாகும், குங்குமம் கறுப்பாகும், மாநிறம் இன்னும் கறுக்கும். எடுத்துக்கொண்டவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சில் வைத்து முகத்தை வெளுப்பாக்குவார். டச்சப் என்பது அதுதான். இப்போது அதே வேலையைப் போன் செய்கிறது, இன்னும் மோசமாக. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கலராக்கித் தருகிற செயலிகள் வந்துவிட்டன. சாம்பல் நிறத்திலிருந்து புடவை சிவப்பா பச்சையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அது யூகித்துப் பூசுகிறது, அவ்வளவுதான். பாட்டி உயிரோடு இருந்து, "அது மாம்பழக் கலர், எங்கம்மா கொடுத்தது" என்று சொல்வதற்கு முன்னால், நீலப் புடவையில் பாட்டியைப் பிரிண்ட் போட்டு மாட்டி, நாளைக்கு அந்த நீலமே உண்மையாகிவிடும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று வேறு யாருடைய கண்ணையோ வைத்துவிடுகிற செயலிகளும் இருக்கின்றன. மங்கலாக இருந்தாலும் அவர் கண்தான் அவருக்கு வேண்டும்.

இவ்வளவு நேரம் படத்தில் இருக்கிறவர்களைப் பற்றி. இல்லாதவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தச் சுவரைப் பற்றிப் பேச முடியாது.

பெட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆண்கள் தனியாக நிற்கிற படம் எத்தனை, பெண்கள் தனியாக இருக்கிற படம் எத்தனை? கல்யாணப் படம், அப்புறம் குழந்தையோடு ஒன்று, அதோடு பல பெண்களின் கணக்கு முடிந்தது. இளவயதில் தாலி அறுத்த அத்தை குடும்பப் படம் எடுக்கிற அன்று அடுப்படியில் இருந்திருப்பார். ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட சித்தியின் இடத்தில் கத்தரி போயிருக்கும். தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கும். இந்த மிச்சக் கை பல வீட்டு ஆல்பங்களில் உண்டு, யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கூலி வேலைக்குப் போன குடும்பங்களில், சேரி வீடுகளில், கத்தரிக்கக்கூடப் படம் கிடையாது. ஸ்டூடியோ வாசற்படி மிதிக்கக் காசும் இல்லை, பல ஊர்களில் மரியாதையும் இல்லை. அந்தச் சுவர்களில் அம்பேத்கரோ எம்.ஜி.ஆரோ இருந்தார், அப்பாவின் அப்பா இல்லை.

அப்படி இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் படமே 1993க்குப் பிறகு, டி.என்.சேஷன் காலத்தில் வந்த வாக்காளர் அடையாள அட்டையில்தான். வரிசையில் நிறுத்தி, வெயிலில் கண் கூசக் கூச எடுத்த தீப்பெட்டி அளவுப் படம். அவர் போன பிறகு அதையே கொண்டுபோய்ப் பெரிசு பண்ணுவார்கள். இல்லையென்றால் யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருந்ததைப் பிடித்துத் தலையை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை உடுத்தி, கழுத்தில் அட்டிகை போட்டு, பின்னால் நீல வானம் வைத்து ஃப்ளெக்ஸில் ஏற்றுவார்கள். உயிரோடு இருந்தவரை கிடைக்காத அட்டிகை. இன்னும் முன்பென்றால், இறந்த பிறகு உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்குப் பார்த்தால் பகீரென்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அந்த மனிதரோடு எடுத்துக்கொள்ள அது ஒன்றுதான் வாய்ப்பு.

ஈழத்துக் குடும்பங்களிடம் கேட்டால் இது வேறு மாதிரி வரும். 1983இலும் பிறகும் வீட்டை விட்டு ஓடியவர்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சீமையில் இருந்த மாமாவுக்கு என்றைக்கோ கடிதத்தோடு வைத்து அனுப்பிய ஒரு படம்தான் பிழைத்துக் கிடக்கும். 2004 சுனாமியில் கடலோரக் குப்பங்களிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் போனவை தனிக்கணக்கு.

அதனால் ஒரு யோசனை. சுவரில் அழகான படங்களை மட்டும் மாட்டாதீர்கள். அந்த அடையாள அட்டைப் படத்தையும் மாட்டுங்கள், பட்டுப்புடவை வரையாமல், கண் கூசியபடியே. படமே இல்லாதவர் என்றால் அவர் கைபட்ட காகிதம் ஏதாவது இருக்கும். பழைய நிலப் பத்திரத்தில், புரோநோட்டில் "இன்னார் கைநாட்டு" என்று எழுதி ஒரு ரேகை இருக்கும். அதை நகல் எடுத்துச் சட்டம் போட்டால், கோட்டு போட்ட தாத்தாவுக்குப் பக்கத்தில் வைக்க எந்த வகையிலும் குறைந்ததல்ல. இன்னும் சொல்லப்போனால் அந்தக் கோட்டு வாடகை, இந்த ரேகை சொந்தம். வெட்டிய படத்தையும் அந்த மிச்சக் கையோடு அப்படியே மாட்டலாம். வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். குடும்பத்தில் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சித்திக்கு அது கொஞ்சம் தாமதமான பதிலாக இருக்கும்.

இனி சில நடைமுறை விஷயங்கள். ஒரிஜினல் படத்தை மாட்டவே கூடாது. ஸ்கேன் செய்து (600 டிபிஐ போதும், படம் ரொம்பச் சின்னது என்றால் 1200) நகலை மாட்டிவிட்டு, ஒரிஜினலை அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். வெயில் விழுகிற சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. இந்தப் படங்கள் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளித் துகள்களால் ஆனவை. ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கும் அது நல்ல சாப்பாடு. ஓரங்களில் கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கம் தெரிந்தால் வெள்ளி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க முயற்சி செய்யவே வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மெல்லிய பென்சில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் நாளடைவில் மை ஊறி, தாத்தா முகத்தில் அவர் பெயரே தழும்பாகத் தெரியும்.

ஒழுங்காக வைத்திருந்தால் இவை நீடித்து உழைக்கும். 1950இல் எடுத்த தாத்தா படம் கெட்டியாக இருக்க, 1985இல் எடுத்த அப்பா அம்மாவின் கலர் கல்யாண ஆல்பம் சிவந்து வெளிறிக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கலர் சாயம் மங்கும், வெள்ளி அவ்வளவு சீக்கிரம் மங்காது. ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பங்கள்தான் பெரிய எதிரி. அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஸ்டூடியோவில் நெகட்டிவ் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம். பழைய ஸ்டூடியோக்கள் மூடியபோது ஃபிலிம்கள் வெள்ளிக்காகவும், கண்ணாடி நெகட்டிவ்கள் சுரண்டி எடுத்து வெறும் கண்ணாடியாகவும் போனது உண்டு. மிஞ்சியதில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது, 1880 முதல் 1980 வரையான தமிழக ஸ்டூடியோ, குடும்பப் படங்கள். 2010இல் அனுஷா யாதவ் தொடங்கிய இந்தியன் மெமரி ப்ராஜெக்டில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தக் குடும்பத்தாரே கதை எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரு தடவை பார்த்தால், பெயரோடு இருக்கிற படத்துக்கும் பெயரில்லாத படத்துக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும்.

பெயர் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். குரூப் போட்டோவை அப்பத்தா கையில் கொடுத்தால் நடு நாற்காலியில் இருப்பவரிலிருந்து ஆரம்பிப்பார். அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும், அவர் பெயர் இனாம் பத்திரத்திலும் இருக்கும், கோவில் கல்வெட்டிலும் இருக்கும். பேச்சு அவரைப் பற்றியே ஓடி, அப்பத்தாவுக்குக் களைப்பு வந்து, காபி குடிக்கப் போய்விடுவார்கள். படத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைக் காட்டுங்கள். தூணுக்குப் பக்கத்தில், பாதி முகம் மட்டும் தெரிய, கையில் யார் பிள்ளையையோ வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பார். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, "அப்பத்தா, இது யாரு?" என்று அங்கிருந்து ஆரம்பியுங்கள்.